கடைமடைக்குக் கடைசியில் வந்த கலப்பை

உப்பைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் அது முதலில் டீயில்தான் தெரிந்தது. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பாலை ஊற்றினால் பால் திரிந்துபோகும். பால்காரரைத் திட்டினோம். பாத்திரம் சரியாகத் தேய்க்கவில்லை என்று வீட்டுப் பெண்களைத் திட்டினோம். சோறு பழுப்பாக வடிந்தபோது ரேஷன் அரிசியைத் திட்டினோம். ஓடையை ஒட்டி வரிசையாக நின்ற, தோல் பதனிடுகிற டேனரிகளைத் திட்ட மட்டும் யாருக்கும் வாய் வரவில்லை. வீட்டுக்கு ஒருவராவது அங்கே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

நான் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணமாகி வந்த ஊர் அது. என் வீட்டுக்காரருக்கு ஏரிக்கரைக்கு அடுத்தாற்போல் மூன்று ஏக்கர் நிலம். மதகைத் திறந்தால் முதல் தண்ணீர் எங்களுக்குத்தான். அதனால் எங்கள் நிலத்துக்குத் தலைமடை என்று பெயர். அங்கிருந்து கால்வாய் சரிவில் இறங்கி, இன்னும் ஒன்பது நிலங்களைத் தாண்டி, பதினோராவதாக ஓடையோரத்தில் இரண்டு ஏக்கரில் போய் முடியும். அது கடைமடை. அதை வைத்திருந்த பெண்மணி என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். புருஷன் இல்லை. ஒரே மகள், என்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். ஊரார் கடைமடைக்காரி என்பார்கள், முகத்துக்கு நேராகவே.

தொண்ணூறுகளின் நடுவில் டேனரித் தண்ணீர் முதலில் பிடித்தது அக்காவின் நிலத்தைத்தான். ஓடை அவர் வரப்பை உரசிக்கொண்டு போனது. விடிந்ததும் போய்ப் பார்த்தால் மண்மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும். வேர்க்கடலை விதைத்தால் சொட்டைத் தலையில் முடி மாதிரி அங்கங்கே முளைக்கும். ஒரு முழம் தோண்டினால் கடப்பாரை எகிறும். அந்த அளவுக்கு அடிமண் இறுகிப் போயிருந்தது. மழை பெய்தால் தண்ணீர் கீழே இறங்காமல் மேலேயே நின்று, காய்ந்து, இன்னும் கொஞ்சம் உப்பை விட்டுவிட்டுப் போகும்.

வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். வெயிலில் குடைகூட இல்லாமல் நிலம் நிலமாக நடந்து பாலிதீன் பையில் மண் எடுத்தார். அக்காவின் நிலத்தில்தான் அதிக நேரம் நின்றார். அடிமண்ணை உடைக்க வேண்டும், உடைத்தால் மழைத் தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டு கீழே போய்விடும், கொஞ்சம் ஜிப்சமும் பசுந்தாள் உரமும் போட்டால் இரண்டு மூன்று வருஷத்தில் நிலம் தேறும் என்றார். அதற்கு உளிக்கலப்பை வேண்டும். மண்ணைப் புரட்டாமல், முழங்கால் ஆழத்துக்குக் கீறிக்கொண்டே போகிற கலப்பை. டிராக்டர் பின்னால் மாட்டுவது. ஒருவராக வாங்க எங்கள் ஊரில் யாருக்கும் வக்கில்லை. பதினோரு பேரும் குழுவாகச் சேர்ந்தால் அரசாங்கம் பாதி கொடுக்கும் என்று சொல்லிவிட்டு, ஆளுக்கொரு மஞ்சள் காகிதத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். கலப்பையை எப்படிப் பயன்படுத்துவது என்று அதில் அச்சடித்திருந்தது.

குழுவுக்கு மனு எழுதியது நான்தான். எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று என்னைச் செயலாளராகப் போட்டார்கள். 'ஓடையோரத்தில் ஒரு விதவைப் பெண்ணின் நிலம் உப்பேறிப் பாழாகிக்கொண்டிருக்கிறது' என்றுதான் மனுவைத் தொடங்கினேன். படிக்கிறவர் மனம் இளகட்டும் என்றே அப்படி எழுதினேன். இளகியது. அந்த நிலத்தைக் காட்டித்தான் எங்களுக்குக் கலப்பை கிடைத்தது. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், ஏனென்றால் ஊரில் வேறு யாரும் சொல்லமாட்டார்கள்.

சித்திரை மாதம் கலப்பை வந்து இறங்கியது. நீலப் பெயிண்ட், மண்ணைக் கீற இரண்டே இரண்டு கொழு. "இன்னா இது, பல்லு போன கெழவன் மாதிரி கீது" என்று ஒருத்தர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிப் பொட்டு வைத்தார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதால் என் வீட்டுக்காரர் சற்றுத் தள்ளி நின்றார். பொங்கல் கொடுத்தபோது மட்டும் கிட்டே வந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது அன்றைக்கு. மாட்டை எல்லாம் விற்றுவிட்டு, வெளியூர் டிராக்டர்காரன் எப்போது வருவான் என்று காத்துக் கிடந்தவர்கள் நாங்கள். எங்களுடையது என்று ஒரு இரும்பு இருப்பதே பெரிய விஷயமாகத் தெரிந்தது.

எந்த நிலத்தில் முதலில் இறக்குவது என்று பேசப் பள்ளிக்கூடத்தில் கூடினோம். பள்ளி லீவு, சாவி என்னிடம் இருந்தது. பெரிய பெரிய ஆம்பிளைகள் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மோவாய் வரை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா வாசற்படியோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் நோட்டில் ஒன்று என்று போட்டு, பக்கத்தில் பென்சிலால் 'கடைமடை' என்று எழுதி வைத்திருந்தேன். எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

குழுத் தலைவர் என் நோட்டை எட்டிப் பார்த்தார். டிராக்டர் அவருடையது. அது இல்லாமல் கலப்பை வெறும் இரும்பு. அதனால் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"இதுல யோசிக்க இன்னா இருக்குது டீச்சரம்மா? நம்ம ஏரி முறை இருக்குதே. தலைமடையிலருந்து ஆரம்பிச்சி வரிசையா எறங்கட்டும். அப்பதான் பேஜார் இல்ல."

எல்லாரும் தலையாட்டினார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? அதுவரை ஊரில் பொதுவாக இருந்தது ஏரி ஒன்றுதான். ஒரு பொருளைப் பதினோரு பேர் பகிர்ந்துகொள்ள எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி தண்ணீர் முறைதான். ஏரி நிரம்பியே நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. தண்ணீர் வராவிட்டாலும் முறை எல்லாருக்கும் மனப்பாடம். மேலே இருந்து கீழே வரவேண்டும். உன் முறை வரும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்காவிட்டால் அந்தச் சுற்றில் உனக்கு அவ்வளவுதான். அடுத்த சுற்று மறுபடியும் தலைமடையிலிருந்துதான் தொடங்கும். தண்ணீர் பள்ளத்துக்கு ஓடும், அதற்கு அந்த முறை சரி. டிராக்டர் எங்கே வேண்டுமானாலும் முதலில் போகலாமே என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றிய ஒருத்தி நான். நான் ரப்பரை எடுத்துக் 'கடைமடை'யை அழித்தேன்.

ஏன் அழித்தேன்? தலைவருக்குப் பயந்து என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான். என் வீட்டுக்காரர் பெஞ்சிலிருந்து என்னைப் பார்த்தார். நம்முடையதுதான் முதல் என்று தெரிந்ததும் எனக்கும் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அதுதான் மீதிப் பாதி.

"கடைசின்னா கடைசி, எனக்குப் பழக்கம்தானே. எனக்குன்னு வந்தா போதும்" என்றார் அக்கா.

மறுநாள் மத்தியானம் அவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் அந்த மஞ்சள் காகிதம். எனக்கு அந்த ஊரில் எல்லார் வீட்டுக் காகிதத்தையும் படித்துச் சொல்வதுதான் வேலை. கோர்ட்டு நோட்டீஸ், மிலிட்டரியிலிருந்து மகன் போட்ட கடிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு, எல்லாம் வரும்.

"இதுல இன்னா போட்டிருக்குதுன்னு கொஞ்சம் படிங்க டீச்சர்."

படித்தேன். முதல் வரி, எவ்வளவு ஆழம் என்று. இரண்டாவது வரி, எவ்வளவு இடைவெளி விட்டு ஓட்ட வேண்டும் என்று. மூன்றாவது வரி தடித்த எழுத்தில் இருந்தது: கோடை மழைக்கு முன், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது மட்டுமே ஓட்ட வேண்டும், ஈர மண்ணில் இறக்கினால் அடிமண் இன்னும் இறுகிவிடும், உப்பு நிலமென்றால் மீட்பது கடினம்.

என் கண் அந்த வரியில் நின்றது. அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு மூலையில் டீசல் கேன் இருந்தது. விடிந்தால் டிராக்டர் எங்கள் நிலத்துக்கு வரப்போகிறது. பதினோரு நிலம் முடிய எத்தனை நாள் ஆகும், மழை எப்போது வரும் என்று நான் கணக்குப் போட்டேன். இதைப் படித்துச் சொன்னால் இவர் தலைவரிடம் போய் நிற்பார். தலைவர் என்னைக் கேட்பார். மறுபடியும் கூட்டம், மறுபடியும் சண்டை. இவ்வளவும் ஒரு மூச்சு விடும் நேரத்தில் மனசுக்குள் ஓடியது. நான் நாலாவது வரிக்குப் போய்விட்டேன்.

"எப்ப ஓட்டணும்னு ஒண்ணும் போடலியா?" என்று அவரே கேட்டார்.

"கோடையிலன்னு போட்டிருக்குக்கா."

"இது கோடைதானே" என்றார். காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

பொய் சொல்லவில்லை என்று அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில், செய்த பாவத்துக்கு மட்டுமல்ல, செய்யாமல் விட்டதற்கும் சேர்த்துத்தான் மன்னிப்புக் கேட்கிறோம். வாரா வாரம் வாய் அதைச் சொல்லும். எனக்கு மனசில் உறைக்க எத்தனையோ வருஷம் ஆயிற்று.

எங்கள் நிலத்தில் இரண்டு நாள் ஓடியது. ஒரு நாள் போதும். கிடைத்தது கிடைத்தது என்று என் வீட்டுக்காரர் குறுக்கேயும் ஒரு முறை ஓட்டச் சொன்னார். உண்மையில் எங்கள் மண்ணுக்கு அந்தக் கலப்பையே தேவையில்லை. அடுத்தடுத்த நிலங்களும் அப்படித்தான், எல்லாரும் ஒரு நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள். ஐந்தாவது நிலத்தில் கொழு பாறையில் மாட்டி வளைந்தது. ஆம்பூருக்கு எடுத்துப்போய்ப் பட்டறையில் நிமிர்த்தி வர நாலு நாள். ஆறாவது தலைவருடையது, ஏழாவது அவர் தம்பியுடையது, அங்கே அவசரமில்லை. நான் மாடியேறி அடிக்கடி மேற்கே பார்த்தேன். மேகம் கட்ட ஆரம்பித்திருந்தது.

ஒன்பதாவது நிலம் முடிந்த சாயங்காலம் மழை பிடித்தது. தொடர்ந்து மூன்று நாள். ஊரே குளிர்ந்துபோய்ச் சிரித்தது. தலைவர் எனக்கு ஆள்விட்டு, "நல்ல வேளை டீச்சரம்மா, நம்ம வேலை முடிஞ்சது" என்று சொல்லி அனுப்பினார். பத்தாவது நிலம் மணல்பாங்கு, சீக்கிரம் காயும் என்பதால் அதன் சொந்தக்காரர் ஒரு நாள் வெயில் பார்த்து ஓட்டிக்கொண்டார். பிறகு கலப்பை கடைமடைக்குப் போனது.

அன்றைக்கு நானும் போயிருந்தேன். குழுச் செயலாளர் அல்லவா, எல்லார் நிலத்திலும் ஓட்டி முடித்ததாகக் கையெழுத்து வாங்க வேண்டும். மற்ற நிலம் காய்ந்தாலும் அந்த நிலம் காயாது, தண்ணீர்தான் இறங்காதே. நடந்தால் செருப்பு ஒட்டியது. டிராக்டர் ஓட்டுகிறவர் இறங்கி மண்ணை மிதித்துப் பார்த்தார்.

"ஈரம் ஜாஸ்தியா கீது. சக்கரம் அமுங்கும்."

தலைவர் வரப்பில் நின்றபடி அக்காவிடம் சொன்னார்: "உன் முறை வந்துருச்சி. வேணும்னா எடுத்துக்கோ. வேணாம்னா சொல்லு, கலப்பையைக் கழுவி ஷெட்டுல விட்டுடறேன். அடுத்த வருஷம் தலைமடையிலருந்து வரும்."

இதில் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் ஈரத்துக்குக் காத்திருந்து ஏர் கட்டுவதுதான் வழக்கம். நாட்டுக் கலப்பைக்கு ஈரம் இருந்தால்தான் மண் விடும். காய்ந்த மண்ணில் ஏர் பூட்டுகிறவனைப் பைத்தியக்காரன் என்பார்கள். அதனால் ஈரத்தில் ஓட்டுவது தப்பு என்று அங்கே நின்ற யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. மஞ்சள் காகிதத்தை எல்லாரும் வாங்கினார்கள். அதில் பாதிப் பேர் பீடி பற்றவைக்கக் கிழித்தார்கள். இருந்தும் அக்காவுக்கு ஏதோ பட்டிருக்கிறது. அவர் தலைவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"டீச்சர், இவ்ளோ ஈரமா இருக்குதே. பரவால்லியா?"

இரண்டாவது தடவையாக எனக்கு ஒரு வாய்ப்பு. வேண்டாம் என்று சொன்னால் போதும். ஆனால் சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். காகிதத்தில் இருக்கிறது என்றால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். பத்துப் பேர் நிற்கிறார்கள். நான் டீச்சர்.

"முறை வந்துடுச்சு. எடுத்துக்குங்கக்கா" என்றேன்.

கலப்பை இறங்கியது. மண் உடையவில்லை. வெண்ணெயில் கத்தி விட்ட மாதிரி கொழு வழுக்கிக்கொண்டு போனது. அது கீறிய பள்ளத்தின் இரண்டு பக்கமும் கொத்தனார் கரணையால் தேய்த்தது போலப் பளபளவென்றிருந்தது. பின்சக்கரம் போன இடமெல்லாம் அரை முழம் அமுங்கிக் கெட்டிப்பட்டது. அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு டிராக்டருக்குப் பின்னாலேயே கடைசி வரை நடந்தார். ஓட்டி முடித்ததும் கையெழுத்துக்குப் பதில் நோட்டில் ரேகை வைத்தார். அவர் கட்டைவிரல் ஈரமாக இருந்ததால் மை பரவி, இரண்டாவது தடவை வைக்கச் சொன்னேன்.

பத்து நாள் வெயிலில் அந்த நிலம் பாளம் பாளமாகக் காய்ந்தது. மண்வெட்டி போட்டால் செங்கல்லில் போட்ட சத்தம் வரும். ஆடி மழைத் தண்ணீர் அந்தப் பள்ளங்களில் நின்று, டேனரி நாற்றம் அடித்து, வற்றியபோது அடியில் வெள்ளையாக ஒரு தோல் உரிந்தது. விதைத்த கடலை அப்படியே ஊறி அழுகியது. முன்னே அங்கங்கேயாவது முளைத்துக்கொண்டிருந்த நிலம் அது. அடுத்த வருஷம் சூரியகாந்தி போட்டுப் பார்த்தார். அதுவும் வரவில்லை. மூன்றாவது வருஷம் டேனரிக்காரர்கள் தோல் காயவைக்க இடம் தேடிவந்தபோது கொடுத்துவிட்டார். மகள் எட்டாவதோடு நின்று ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போனாள். விடியற்காலையில் கம்பெனி வேன் எங்கள் தெரு முனையில்தான் ஆள் ஏற்றும். வகுப்பிலேயே தெளிவாக வாசிக்கிற பெண் அவள். மற்ற பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட அவளைத்தான் எழுப்பி விடுவேன்.

எங்கள் நிலத்தில் அந்த வருஷம் கடலை நன்றாக விளைந்தது. அவித்துச் சாப்பிட்டோம். தொண்டையில் இறங்கவில்லை என்றெல்லாம் எழுதினால் பொய். ருசியாகத்தான் இருந்தது.

குழு இரண்டு வருஷத்தில் கலைந்தது. சண்டை போட்டுக்கூட இல்லை. கடைமடையில் நடந்ததைப் பார்த்துவிட்டு, கலப்பையே ராசியில்லாதது, நிலத்தைச் சாகடிக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு பரவியது. யாரும் கேட்டு வரவில்லை. தலைவர் ஷெட்டில் அது துருப்பிடித்துக் கிடந்தது. காரணம் தெரிந்த நான் அந்தப் பேச்சையும் திருத்தவில்லை. உப்பு மட்டும் நிற்காமல் ஏறி வந்தது. பத்தாவது நிலத்துக் கிணறு, ஒன்பதாவது, எட்டாவது. தண்ணீர் இறங்கிய வரிசைக்கு நேர் எதிர் வரிசை.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் இருக்கும். எங்கள் நிலத்தில் கடலை பிடுங்கக் கூலிக்கு ஆட்கள் வந்தார்கள். அக்காவும் வருவார். நிலம் போனதிலிருந்து எங்கள் வீட்டு வேலைக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தார். களை எடுக்க, கடலை உடைக்க, எல்லாவற்றுக்கும். எப்போதும் போல டீச்சர் என்று கூப்பிடுவார், எப்போதும் போலக் காபி குடிப்பார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பித்தான் நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குக் கீழ் மூலையில் பிடுங்கிக்கொண்டிருந்தவர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். போனேன். வரப்போரம் ஒரு பாய் அளவுக்கு வெள்ளை பூத்திருந்தது. அவர் ஒரு சிட்டிகை கிள்ளி நாக்கில் வைத்துத் துப்பினார்.

"வந்துடுச்சி டீச்சர். இப்ப கம்மியாதான் இருக்குது. அந்தக் கலப்பைய வாங்கியாந்து எறக்கிடுங்க. மழைக்கு முன்னாடி, மண்ணு நல்லா காஞ்சிருக்கும்போது. ஈரத்துல மட்டும் எறக்காதீங்க. நெலம் செத்துடும்."

"யாருக்கா சொன்னாங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அந்த மஞ்சக் காகிதத்துலதான் போட்டிருக்குதே. மூணாவது வரி."

செடியைப் பிடுங்கி மண்ணை உதறிக்கொண்டே சொன்னார்.

"வெதை மொளைக்கலன்னு ஒக்காந்திருந்தப்ப எம் பொண்ணு எடுத்துப் படிச்சிச்சி. நீங்க கத்துக் குடுத்த படிப்புதானே. எழுத்துக் கூட்டாம ஒரே மூச்சுல படிச்சிச்சி."

பத்து வருஷம். பத்து வருஷமாகத் தெரிந்துகொண்டே என் வீட்டு வாசலில் உட்கார்ந்து கடலை உடைத்திருக்கிறார்.

"ஏன்க்கா என்னைக் கேக்கல?"

"கேட்டு?" என்றார். கோபமில்லை, ஒன்றுமில்லை. "கேட்டுட்டு அப்புறம் கூலிக்கு யார் நெலத்துக்குப் போறது டீச்சர்? இங்க ஒண்ணுதான் உப்பில்லாம இருந்துச்சி. இதுவும் போயிடக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

சாயங்காலம் கூலிக் கடலையை மடியில் வாங்கிக்கொண்டு, "வர்றேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றிருந்தேன். அடுத்த வருஷமே மகளோடு ஆம்பூர்ப் பக்கம் போய்விட்டார். எந்தத் தெரு என்று எனக்குத் தெரியும். நான் போகவில்லை.

அந்தக் கோடையில் தலைவர் ஷெட்டிலிருந்து கலப்பையைக் கேட்டு வாங்கி, துருவைத் தேய்த்து, முதல் மழைக்குப் பத்து நாள் முன்னால், மண் புழுதியாகக் காய்ந்து கிடக்கும்போது இறக்கினோம். எங்கள் நிலம் இன்னும் விளைகிறது.